தேக்கு வச்சிருக்கும் மழைக்கணக்கு: நம்ம ஐப்பசி மழை அதுல இருக்கா?

"இந்த மாதிரி வறட்சி எத்தனை வருஷத்துக்கு ஒரு தரம் வரும்?"

அனந்தபுரம், செஞ்சி பக்கம் கிணற்றுப் பாசனம் வச்சிருக்கிற யார்கிட்ட உட்கார்ந்து பேசினாலும் இந்தக் கேள்வி வரும். குறிப்பா 2016-ஐப் பார்த்தவங்ககிட்டேருந்து. அந்த வருஷம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய வடகிழக்குப் பருவமழையில் 62 சதவீதம் வரவே இல்லை. 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது. அதுக்கு முந்தின வருஷம், 2015-ல், இதே மாதங்களில் சென்னை, கடலூர் எல்லாம் வெள்ளத்தில் நின்றது.

கேள்வி எளிமையானது. பதில் எளிமையானதில்லை. "எத்தனை வருஷத்துக்கு ஒரு தரம்" என்று சொல்லணும்னா நீளமான கணக்கு கையில் இருக்கணும். சென்னையில் மாதவாரி மழை அளவு 1813 முதல் இருக்கிறது; இந்தியாவிலேயே பழைய தொடர்களில் அது ஒன்று. இந்திய வானிலைத் துறை தொடங்கியது 1875-ல். தென்னாற்காடு மாதிரியான மாவட்டங்களுக்கு நம்பிப் பயன்படுத்தக்கூடிய கணக்கு ஏறக்குறைய நூறு, நூற்றைம்பது வருஷம்தான். நூறு வருஷத்தில் ஒரு கொடும் வறட்சி ரெண்டு தடவை வந்திருக்குன்னு வைங்க. அது ஐம்பது வருஷத்துக்கு ஒருமுறை வருவதா? இல்ல, அடுத்தடுத்து ரெண்டு வந்துட்டு அப்புறம் இருநூறு வருஷம் எட்டிப்பார்க்காததா? ரெண்டு நிகழ்ச்சியை வச்சு இதைச் சொல்லவே முடியாது. ஆனா ஏரி மதகு எவ்வளவு பெரிசா கட்டணும், பயிர்க் காப்பீட்டுக்கு எவ்வளவு கட்டணம் வைக்கணும், 800 அடிக்கு போர் போடக் கடன் வாங்கலாமா என்பதெல்லாம் இந்த ஒரு எண்ணிக்கையை நம்பித்தான் நடக்குது.

மழைமானி வர்றதுக்கு முன்னாடி மழையை அளந்தது யார்? மரம் அளந்தது. எந்த மரம், எந்த மழையை, எவ்வளவு துல்லியமா என்பதுதான் இந்தக் குறிப்பு.

வளையம் எப்படி உண்டாகுது

பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் ஒரு மெல்லிய உயிருள்ள படலம் இருக்கு. பள்ளிப் புத்தகத்தில் காம்பியம்னு படிச்சிருப்போம். மரம் பருக்கிறது இந்த இடத்தில்தான். தண்ணி கிடைக்கும்போது இது உள்பக்கமா புதுக் கட்டையை உண்டாக்கும். வறண்ட காலத்தில் இலை உதிர்ந்து மரம் சும்மா நிற்கும்போது இதுவும் நின்றுவிடும். மறுபடி மழை வந்து துளிர்க்கும்போது முதலில் பெரிய பெரிய துளைகளோடு கட்டை உருவாகும், ஏன்னா புது இலைகளுக்கு வேகமா தண்ணி ஏத்தணும். பருவம் போகப்போக துளைகள் சின்னதாகி, கட்டை அடர்த்தியாகும். அப்புறம் நிறுத்தம். அடுத்த வருஷம் மறுபடி பெரிய துளைகள். இந்த அடர்த்திக்கும் அடுத்த பெரிய துளை வரிசைக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியும் கோடுதான் வளைய எல்லை.

குளிர்நாடுகளில் இந்த நிறுத்தத்தைக் கொடுப்பது பனிக்காலம். நம்ம ஊரில் பனி உறைவதில்லை. அதனால் "வெப்பமண்டல மரத்தில் வளையம் கிடையாது" என்று ரொம்ப காலம் பொதுவாகச் சொல்லிவந்தார்கள். அது பாதி உண்மை. இங்கே நிறுத்தத்தைக் கொடுப்பது குளிர் இல்லை, வறட்சி. வருஷத்தில் ஒரே ஒரு தெளிவான வறண்ட காலம் இருந்து, அதில் இலையைக் கொட்டிவிட்டு நிற்கிற மரமாக இருந்தால் வளையம் தெளிவா விழும். தேக்கு அப்படிப்பட்ட மரம். காட்டிலாகா அதிகாரியும் தாவரவியலாளருமான கேம்பிள் 1881-ல் வெளியிட்ட இந்திய மரங்கள் பற்றிய கையேட்டிலேயே, ஆரத்தில் அங்குலத்துக்கு எத்தனை வளையம் என்று பல மரங்களுக்கு எழுதிவச்சிருக்கார். அவருக்கு அது மரம் எவ்வளவு வேகமா வளரும்ங்கிற வியாபாரக் கணக்கு. நமக்கு அது வேற கணக்கு.

அப்போ நம்ம ஊர் மரங்கள்? பனையில் வளையம் கிடையாது. தமிழ்நாட்டின் மாநில மரம், நூறு வருஷம் நிற்கும், விழுப்புரம் மாவட்டத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் தெரியும். ஆனா மழைக்கணக்கு எதுவும் வைக்காது. ஒருவித்திலைத் தாவரமான அதுக்குக் காம்பியமே இல்லை. மேலே தெரியும் வரிகள் மட்டை விழுந்த தழும்புகள். அவை வருஷத்துக்கு ஒன்று என்பதும் இல்லை. தென்னையும் இதே கதைதான். புளி, ஆல், அரசில் வருஷ எல்லையைப் பிரித்துப் பார்ப்பது ரொம்பக் கஷ்டம். பழைய புளியமரத்தில் நடுப்பகுதி பொந்தாகிப் போயிருக்கும், பழைய வருஷங்கள் இருக்கவேண்டிய இடமே இருக்காது. ஆக, "எங்க ஊர் ஆலமரம் ஐந்நூறு வருஷம்" என்பதை வளையம் எண்ணி நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

பக்கத்துல திருவக்கரையில் கல்மரப் பூங்கா இருக்கே, அது உதவாதான்னு கேட்பீங்க. சங்கராபரணி ஆற்றுப் பக்கம், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை பாதுகாக்கும் இடம். 1781-லேயே பிரெஞ்சுக்காரர் சொன்னரா அதைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்த மரங்களுக்கு ஏறக்குறைய 2 கோடி வருஷ வயசு. வேரோ கிளையோ இல்லாம அடிமரங்களாக் கிடப்பதால் வேற எங்கேயோ வளர்ந்து வெள்ளத்தில் அடித்துவரப்பட்டவை என்று புவியியலாளர்கள் சொல்றாங்க. எந்தக் குடும்பத்து மரங்கள் என்பதை வச்சு அப்போ இருந்த காடு எப்படின்னு ஓரளவு சொல்லலாம். ஆனா அதில் ஒரு வளையம் தெரிந்தாலும் அது எந்த வருஷம்? இன்றைக்கு வரை தொடர்ந்து இணைக்க நடுவில் எதுவுமே இல்லை. நம்ம கேள்விக்கு வேண்டியது வருஷம் தெரிந்த வளையம்.

எண்ணினா மட்டும் போதாது

வளையத்தை வெளியிலிருந்து உள்ளே எண்ணினா வருஷம் தெரிஞ்சுடும்னு தோணும். தெரியாது. ரெண்டு சிக்கல் இருக்கு. மழைக்காலத்துக்கு நடுவில் நீண்ட இடைவெளி விழுந்தா மரம் கொஞ்சம் நின்று மறுபடி வளரும். ஒரே வருஷத்தில் ரெண்டு வளையம் மாதிரி தெரியும். இது போலி வளையம். எதிர்ப்பக்கம், ரொம்ப மோசமான வருஷத்தில் மரம் அடித்தண்டில் கட்டையே போடாமல் விட்டுவிடலாம். இது விடுபட்ட வளையம். நமக்கு எந்த வருஷம் முக்கியமோ, அந்த வருஷமே காணாமல் போகும்!

இதுக்குத் தீர்வு ஒரு மரத்தை நம்பாமல் இருப்பது. ஊரில் பெரியவங்க வயசை எப்படிக் கணக்குப் போடுறாங்க? "தானே புயல் அடிச்சப்போ இவனுக்கு மூணு வயசு", "தேர் ஓடாத வருஷம் அவ பொறந்தா". ஒருத்தர் சொல்றது தப்பா இருக்கலாம். ஆனா பத்துப் பேர் சொல்றதை அடுக்கினா, புயல், அதுக்கு நாலு வருஷம் முன்னாடி தேர் நின்னது, அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி ஏரி உடைஞ்சது என்ற வரிசை எல்லார்கிட்டேயும் பொருந்தும். ஒருத்தர்கிட்ட ஒரு வருஷம் இடறினா எங்கே இடறுதுன்னு கண்டுபிடிக்கலாம்.

மரத்திலும் இதையேதான் செய்றாங்க. ஒரே பகுதியில் இருபது, முப்பது மரங்களில் கைத்துளைக்கருவியால் பட்டையிலிருந்து நடுவை நோக்கி, பென்சிலைவிட மெல்லிசா ஒரு குச்சி எடுப்பாங்க. ஒரு மரத்தில் ரெண்டு பக்கம் எடுப்பது வழக்கம். இதனால் மரம் சாகாது. குச்சியைப் பலகையில் ஒட்டி, உப்புத்தாளால் மழுங்கத் தேய்த்து, நுண்ணோக்கியில் வளைய அகலத்தை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வரை அளப்பாங்க. அப்புறம் "குறுகல், அகலம், அகலம், ரொம்பக் குறுகல், அகலம்" என்கிற வரிசையை மரத்துக்கு மரம் பொருத்திப் பார்ப்பாங்க. பொருந்தாத இடத்தில் போலியோ விடுபட்டதோ இருக்கு. எல்லா மரமும் ஒத்துப்போன பிறகுதான் வருஷத்தை எழுதுவது.

இந்த முறையை உருவாக்கினவர் டக்ளஸ் என்ற அமெரிக்க வானியலாளர். சூரியப் புள்ளிகளின் சுழற்சி மரத்தில் பதிவாகுதான்னு தேடிப்போய், அரிசோனாவின் வறண்ட நிலத்தில் மழையைக் கண்டுபிடித்தார். உயிரோடு இருக்கும் மரங்களின் தொடரும், பழைய குடியிருப்புகளின் உத்திரங்களில் கிடைத்த தொடரும் நடுவில் இணையாமல் பல வருஷம் நின்றது. 1929-ல் கிடைத்த ஒரு கருகின உத்திரம் அந்த இடைவெளியை மூடியது. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னால் நம்ம ஊர் உத்திரத்துக்கு வர்றேன்.

அகலத்திலிருந்து மழைக்கு

வருஷம் எழுதியாச்சு. இப்போ அகலம். இளமரம் அகலமா வளையம் போடும். பருத்த மரம் அதே அளவு கட்டையைப் பெரிய சுற்றளவில் பரப்பவேண்டியிருப்பதால் வளையம் குறுகும். இது வயசுக் கணக்கு, மழைக் கணக்கு இல்லை. அதனால் அந்த வயசில் எவ்வளவு அகலம் எதிர்பார்க்கலாம்னு ஒரு கோடு போட்டு, உண்மையான அகலத்தை அதால் வகுக்கிறாங்க. உதாரணத்துக்கு, எதிர்பார்த்தது 2 மில்லிமீட்டர், இருந்தது 1 மில்லிமீட்டர்னா குறியீடு 0.5. எதிர்பார்த்ததே இருந்தா 1. எல்லா மரத்தின் குறியீட்டையும் சராசரி போட்டா அந்தப் பகுதியின் தொடர் கிடைக்கும்.

அடுத்து, மழைமானி இருக்கும் காலத்தை ரெண்டா வெட்டணும். ஒரு பாதியில் குறியீட்டுக்கும் மழைக்கும் உள்ள உறவைக் கண்டுபிடிக்கணும். அந்த உறவை வச்சு மறுபாதியின் மழையை ஊகித்து, உண்மையான மழைமானியோடு ஒப்பிடணும். தேறினால்தான் மழைமானி இல்லாத நூற்றாண்டுகளுக்குப் பின்னோக்கிப் போக அனுமதி. தேறினாலும் மரம் மழையின் ஏற்றஇறக்கம் முழுசையும் சொல்லாது. பூச்சி, பக்கத்து மரத்தின் நிழல், தீ எல்லாம் சேர்ந்துதான் அகலத்தைத் தீர்மானிக்குது.

இன்னொன்னு. மரம் அளப்பது மழையை இல்லை, வேருக்குக் கிடைச்ச ஈரத்தை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. கொட்டியது. அந்த மாவட்டத்துக்கு வருஷம் முழுக்கக் கிடைப்பதில் ஏறக்குறைய பாதி அது! மழைமானி அதை அப்படியே எழுதும். மரத்துக்கு அதில் பெரும்பகுதி ஓடிப்போன தண்ணி. அதே 50 செ.மீ. இரண்டு மாதம் பரவிப் பெய்திருந்தால் கதையே வேறு. வெள்ளத்தைவிட வறட்சியை மரம் நல்லா எழுதுவதற்கு இதுதான் காரணம். இதனாலேயே ஏரிக்கரையிலோ வாய்க்கால் ஓரத்திலோ சொகுசா நிற்கும் மரத்தை ஆராய்ச்சிக்கு எடுக்கமாட்டாங்க. பாறைச் சரிவில், மண் ஆழமில்லாத இடத்தில், மழையை மட்டும் நம்பி நிற்கும் மரம்தான் வேணும்.

கேரளத் தேக்கும் ஆசிய வரைபடமும்

தென்னிந்தியாவில் இது செய்யப்பட்டிருக்கா? செய்யப்பட்டிருக்கு. புனேயில் இருக்கும் இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் போர்கான்கரும் அவர் குழுவும் கேரளத்தின் மூன்று காட்டுப் பகுதிகளில் தேக்கு எடுத்து, 1481 முதல் 2003 வரை 523 வருஷத் தொடர் ஒன்றை 2010-ல் வெளியிட்டாங்க. கிருஷ்ணதேவராயர் பட்டத்துக்கு வர்றதுக்கு முன்னாடியே தொடங்கும் கணக்கு! வளைய அகலம் தென்மேற்குப் பருவமழையோடு சேர்ந்து ஏறி இறங்குது. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து, எல் நினோவோடு மழை பொய்த்த வருஷங்களில் குறுகிய வளையங்கள் அதிகம் வருது. அதுக்கு முந்தைய எல் நினோ வருஷங்கள் பலவற்றிலும் குறுகல் தெரியுது.

அதே 2010-ல் எட்வர்ட் குக் தலைமையிலான குழு, ஆசியா முழுக்க 327 மரவளையத் தொடர்களைச் சேர்த்து, 1300 முதல் 2005 வரை வருஷவாரியா ஒரு வறட்சி வரைபடத் தொகுப்பு வெளியிட்டது. அதில் நாலு பெரும் வறட்சிகளைத் தனியே காட்டினாங்க: சீனாவில் மிங் அரச வம்சம் ஆட்டம் கண்ட 1638–1641; 1756–1768; 1790–1796; அப்புறம் 1876–1878.

கடைசியா இருப்பது நம்ம தாது வருஷப் பஞ்சம். அதுக்கு முந்தினது, வடக்கே டோஜி பாரா என்றும் மண்டையோட்டுப் பஞ்சம் என்றும் சொல்லப்பட்ட 1791–92 பஞ்சம் வரும் காலம். பாட்டிகள் கதையில் மட்டும் இருந்தது, மழைமானி தொடாத காலத்தில் இருந்தது, இப்போ கட்டையில் எழுதியிருப்பதா தெரியவருது. 700 வருஷத்தில் நாலு என்பது, நம்ம நூறு வருஷக் கணக்கில் இந்த அளவு வறட்சி ஒன்றுகூட இல்லாம போகலாம்ங்கிறதுக்குச் சாட்சி. "நாங்க பார்த்ததிலேயே மோசம்" என்பது "வரக்கூடியதிலேயே மோசம்" இல்லை.

இங்கேதான் ஐப்பசி குறுக்கே வருது

இதோட நிறுத்தினா கட்டுரை சுபமா முடிஞ்சிருக்கும். ஆனா அனந்தபுரத்துக்காரர் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரலை.

ஆசிய வரைபடம் சொல்வது ஜூன் முதல் ஆகஸ்ட் வரையான ஈர நிலை. கேரளத் தேக்கு முக்கியமா சொல்வது தென்மேற்குப் பருவமழை. நம்ம ஊருக்குத் தென்மேற்கிலும் மழை உண்டு, ஆனா வருஷ மழையில் ஏறக்குறைய பாதி ஐப்பசி, கார்த்திகையில் வருவது. ஏரி ரொம்புவது, கிணறு ஊறுவது எல்லாம் அதில்தான்.

ரெண்டும் சேர்ந்தே ஏறி இறங்கினா பரவாயில்லை. அப்படியும் இல்லை. எல் நினோ பொதுவா தென்மேற்கைப் பலவீனப்படுத்தும். வடகிழக்கைப் பெரும்பாலும் பலப்படுத்தும். 2015-ஐப் பாருங்க: பலமான எல் நினோ, இந்தியா முழுக்கத் தென்மேற்கு குறைவு, நமக்கு ஐப்பசி கார்த்திகையில் வெள்ளம். 2016-ல் எல் நினோ முடிஞ்சுபோச்சு, இந்தியாவுக்குத் தென்மேற்கு ஏறக்குறைய வழக்கமான அளவு, நமக்கு வடகிழக்கு கைவிட்டது. ஆக, கேரளத் தேக்கில் ஒரு குறுகிய வளையத்தைப் பார்த்து "அந்த வருஷம் திண்டிவனத்திலும் வறட்சி" என்று சொன்னா, சரியா தலைகீழாப் போகக்கூடும். 1876 ஏன் அவ்வளவு கொடுமை? அந்த வருஷம் தெற்கே தென்மேற்கும் ஏமாற்றியது, வடகிழக்கும் ஏமாற்றியது. அடுத்த வருஷத் தென்மேற்கும் சரியில்லை.

நமக்கு வேணும்ங்கிறது வடகிழக்குப் பருவமழையை எழுதும் மரம். இதில் ஒரு இயற்கைச் சிக்கல் இருக்கு. நம்ம பக்கத்துத் தேக்கு கோடை மழையிலேயே துளிர்த்துவிடும். ஐப்பசி மழை வரும்போது அந்த வருஷ வளையத்தின் பெரும்பகுதி முடிஞ்சிருக்கலாம். அப்போ மொத்த அகலத்தில் ஐப்பசியின் பங்கு மங்கிப்போகும்.

வழி இருக்கு. அகலத்தை விட்டுவிட்டு, கட்டை எந்தத் தண்ணியால் ஆனது என்று கேட்பது. தண்ணியில் இருக்கும் ஆக்சிஜனில் பெரும்பாலானது எடை 16, கொஞ்சம் மட்டும் எடை 18. தென்னிந்தியாவில் வடகிழக்குப் பருவ மழைநீரில் இந்தக் கனமான ஆக்சிஜன் தென்மேற்கைவிடக் குறைவு. வேர் குடிக்கும் தண்ணியின் இந்த அடையாளம் செல்லுலோஸில் பதிவாகும். ஒரே வளையத்தைத் தொடக்கத்திலிருந்து கடைசி வரை மெல்லிய சீவல்களாச் சீவி ஒவ்வொன்றையும் அளந்தா, ஒரு வருஷத்துக்குள்ளேயே எந்த மழை எப்போ வந்தது என்று பிரிக்க முடியும். அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சிக் கூடத்தில் ஆர். ரமேஷும் அவரோடு வேலை செய்தவர்களும் இந்திய மரங்களில், தேக்கு உட்பட, இந்த வேலையை வளர்த்தெடுத்தாங்க. செலவு அதிகம், நேரம் அதிகம். ஆனா நம்ம கேள்விக்கு இதுதான் நேர்வழின்னு எனக்குத் தோணுது. கல்வராயன் மலை, ஜவ்வாது மலைப் பக்கம் பாறைச் சரிவில் நிற்கும் மரங்களையும், நடப்பட்ட வருஷம் தெரிந்த தோட்டத் தேக்குகளையும் சேர்த்துப் பார்க்கணும். தோட்டத் தேக்கு முப்பது, நாற்பது வருஷம்தான் இருக்கும். ஆனா மழைமானிக் கணக்கோடு ஒப்பிட்டுச் சோதிக்க அதுவே போதும்.

மழை பொய்த்ததா, படை வந்ததா?

விவசாயிக்கு மட்டுமில்லை, வரலாற்றுக்கும் இதில் வேலை இருக்கு. 1756–1768 வறட்சிக் காலத்தைப் பாருங்க. 1760 ஜனவரியில் வந்தவாசிப் போர். 1761-ல் புதுச்சேரி விழுந்தது, அதைத் தொடர்ந்து செஞ்சியும். இந்த மாவட்டம் முழுக்க ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், நவாப் படைகள் குறுக்கும் நெடுக்கும் போன காலம். அந்த வருஷங்களில் ஒரு ஊர் பாழாச்சுன்னா, மழை இல்லாமலா, கொள்ளையாலா? ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 1736-லிருந்து 1761 வரை நீள்கிறது. அதையும் ஐப்பசி மழையை எழுதும் ஒரு மரத்தொடரையும் பக்கத்துப் பக்கத்தில் வச்சா, பதில் வருஷவாரியா கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லணும். மரம் வறட்சியைச் சொல்லும், பஞ்சத்தைச் சொல்லாது. 1877-ல் நிவாரண வேலை செய்தவர்களுக்கான கூலியை ரிச்சர்ட் டெம்பிள் ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும் என்று குறைத்தது எந்த வளையத்திலும் இல்லை. தானியம் கப்பல் ஏறிக்கொண்டே இருந்ததும் இல்லை. மரக்காணம் வரை வரும் பக்கிங்ஹாம் கால்வாயில், சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதி அந்தப் பஞ்சக் கூலியாட்கள் வெட்டியது. 50 லட்சத்துக்கும் மேல் மக்கள் செத்துப்போனதற்கு மழையை மட்டும் காரணம் சொல்பவர்களுக்கு மரவளையம் சாட்சிக்கு வராது. எவ்வளவு மழை குறைந்தது என்பதைத் துல்லியமாகச் சொல்லிவிட்டால், மீதிக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி இன்னும் தெளிவாகும், அவ்வளவுதான்.

உத்திரத்தை இழைச்சுடாதீங்க

இப்போ உத்திரத்துக்கு வர்றேன். நம்ம பக்கம் பழைய ஓட்டு வீடுகளும் மெத்தை வீடுகளும் வாரத்துக்கு ஒன்றாக இடிபடுது. தேக்குத் தூண், நிலை, உத்திரம் எல்லாம் பழைய மரக்கடைக்குப் போகுது. அங்கே இழைச்சு, அறுத்து, கட்டிலாவும் கதவாவும் மாறுது. போன வருஷம் ஒரு கடையில் ஒரு உத்திரத்தின் அறுபட்ட முனையில் நான் எண்ணியபோது 112 வளையம் வந்தது. எந்த ஊர் வீடு, எப்போ கட்டினதுன்னு கேட்டேன். கடைக்காரர் சிரிச்சுக்கிட்டே, "வண்டியில வருதுங்க, எடை போட்டு எடுக்கிறோம்" என்றார். அவர் மேல தப்பில்லை. அந்தத் தகவல் கடைக்கு வருவதற்கு முன்னாடியே தொலைஞ்சுபோச்சு.

பழைய உத்திரம் எல்லாம் உள்ளூர் மரமும் இல்லை. அந்தக் காலத்தில் தேக்கு நிறைய பர்மாவிலிருந்து கப்பலில் வந்தது. அப்படியானா அதில் இருப்பது பர்மா மழை. பர்மாத் தேக்குக்குத் தனியா மூன்று நூற்றாண்டுத் தொடர் 2011-ல் வெளியாகியிருக்கு. ஒரு உத்திரத்தின் வரிசை அதோடு பொருந்துதா, கேரளத்தோடு பொருந்துதா, எதோடும் பொருந்தலையா என்பதை வச்சே மரம் எங்கிருந்து வந்ததுன்னு கண்டுபிடிக்க வாய்ப்பிருக்கு. எதோடும் பொருந்தாதது கிடைச்சா எனக்கு ரொம்ப சந்தோஷம். அது நம்ம மலைத் தேக்கா இருக்கலாம்.

அதனால் பழைய வீட்டைப் பிரிக்கிற யாராவது இதைப் படிச்சா, நாலு வேலை மட்டும் செய்யுங்க. உத்திரத்தின் முனையிலிருந்து ரெண்டு அங்குல கனத்தில் ஒரு துண்டு அறுத்து வாங்கிக்கோங்க; மரத்தின் விலை இதனால் குறையாது. ஆசாரிங்க "வெள்ளை"ன்னு சொல்லும் வெளிப்பகுதி ஒரு பக்கமாவது ஒட்டிக்கிட்டிருக்கும் முனையாப் பாருங்க. வெள்ளை முழுக்கச் செதுக்கப்பட்டிருந்தா, மரம் வெட்டப்பட்ட வருஷத்தைச் சொல்லும் கடைசி வளையங்களும் அதோடு போயிருக்கும். வீடு கட்டின வருஷம், பத்திரத்தில் இருந்தால் பத்திரத்தின்படி, ஊர் பேரோடு துண்டின் பின்பக்கம் எழுதிடுங்க. ஸ்கேல் வச்சு ஒரு போட்டோ எடுங்க. காட்டில் இருக்கும் மரத்தில் மட்டும் நீங்களா எதையும் துளைக்க வேண்டாம். வனத்துறை அனுமதி இல்லாமல் அது குற்றம். துளைத்தவருக்கு அளக்கத் தெரியாட்டி மரத்துக்கும் வீண் காயம்.

அனந்தபுரத்துக்காரரின் கேள்விக்கு இன்றைய தேதியில் என்கிட்ட இருக்கும் பதில் இதுதான்: தென்மேற்கு கைவிட்ட பெரும் வறட்சிகளின் கணக்கு எழுநூறு வருஷத்துக்கு ஓரளவு இருக்கு. ஐப்பசி கைவிட்ட வருஷங்களின் கணக்கு மழைமானிக் காலத்துக்கு மட்டும் இருக்கு. அதை நீட்ட வேண்டிய மரங்களில் சில மலையில் நிற்குது. சில, இந்த மாசம் பிரிக்கப்போற வீடுகளின் கூரையில் படுத்திருக்கு. மலையில் இருப்பது கொஞ்சம் காத்திருக்கும்.